வெறும் சீட்டு இரண்டு

மஞ்சக்குட்டை
12.10.2023

அன்புத் தம்பி கண்ணனுக்கு,

அக்கா சசிரேகா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல், எனக்கு வாய் வழக்கம்போல். மற்றபடி இரண்டு பேரும் சுகம். டார்ஜிலிங் குளிர் உன் மூச்சிழுப்பைக் கிளப்பாமல் இருக்கிறதா? மப்ளர் அனுப்பினேனே, கட்டுகிறாயா, பெட்டியில் வைத்துப் பூஜை செய்கிறாயா?

நீ அனுப்பிய போட்டோ வந்தது. உன் போட்டோ இருக்கும் என்று பிரித்தால், ஆறு வருஷமாக நீ ஆராயும் அந்தச் சாலமாண்டர் இருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "ஓணான் மழைல நனைஞ்சாப்ல இருக்குது. இதுக்கா எம்பையன் அத்தனை தூரம் போனான்?" என்றாள். வால் நுனியை மீன் கடித்துவிட்டது என்று பின்பக்கம் எழுதியிருந்தாயே, அதைப் படித்துச் சொன்னதும் மட்டும் ஐயோ பாவம் என்றாள். காலண்டர் ஆணியிலேயே மாட்டி வைத்திருக்கிறோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஊற்றுத் தொட்டியில் சேறு வாரினோம். எஸ்டேட்டின் பதினாலு லைன் வீட்டுக்கும் குடிக்க அந்த ஒரு தண்ணீர்தான் என்று உனக்குத் தெரியும். கரையோர ஈர மண்ணை வெட்டும்போது ஒன்று நெளிந்தது. அடுத்த வீட்டு அத்தாயி அக்கா பாம்பு என்று கத்தி மண்வெட்டியை ஓங்கிவிட்டார். ஒன்று வெட்டுப்பட்டுச் செத்தது, உனக்குக் காட்ட அதைக் கெட்டி உப்புத் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன். மற்றதை அடிக்க விடாமல் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு சாணுக்கு மேல் நீளம், சுண்டுவிரல் பருமன், கருநீலம், இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு. உடம்பு முழுக்க வளையம். மண்புழுவுக்குப் பல் உண்டா? இதற்கு இருக்கிறது. பாம்புக்குச் செதில் தட்டுப்படும், இது வழவழவென்று இருக்கிறது. உயிரோடு இருந்தது முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது, நகரவே இல்லை. முட்டைகள் வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி. தொட்டித் தண்ணீரில் இதன் குஞ்சு போலச் சின்னதாக இரண்டு நீந்துகின்றன, கழுத்தோரம் ஊசி ஓட்டை போல ஒன்று தெரிகிறது. இதை எந்தப் பெட்டியில் போடுவது, படித்தவன் நீ சொல்லு.

போனில் கேட்கலாம்தான். சிக்னலுக்கு மிளகு காயப்போடும் மேட்டில் ஏறி நிற்க வேண்டும், ஏறினால் பதினாலு வீடும் காதைத் தீட்டிக்கொண்டு வரும். அதனால் தபால்காரரே துணை.

உன் அக்கா,
சசிரேகா


டார்ஜிலிங்
30.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

கண்ணன் வணக்கம். மப்ளர் கழுத்தில்தான் இருக்கிறது. மூச்சு பரவாயில்லை. அம்மாவைக் குளிர்ந்த தரையில் உட்கார விடாதே.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என்னுடன் வேலை செய்கிறவர்கள்கூட இத்தனை சுத்தமாகப் பார்த்து எழுத மாட்டார்கள். நீ பிடித்தது பாம்பும் இல்லை, புழுவும் இல்லை, தவளைக்குச் சொந்தம். இருவாழ்விகள் என்ற வகுப்பில் மூன்று வரிசைகள் உண்டு. தவளை, தேரை ஒரு வரிசை. வளர்ந்த பிறகு கால் இருக்கும், வால் இருக்காது. சாலமாண்டர் அடுத்த வரிசை. கால் உண்டு, சாகும்வரை வாலும் உண்டு. நியூட் என்று சொல்கிறார்களே, அது சாலமாண்டர் வரிசைக்குள் இருக்கும் ஒரு கூட்டம். எல்லா நியூட்டும் சாலமாண்டர்தான், எல்லாச் சாலமாண்டரும் நியூட் இல்லை. என் குளத்தில் இருப்பது நியூட் கூட்டம். மூன்றாவது வரிசைதான் உன்னுடையது. சிசிலியன் என்று பெயர். முட்டையிலிருந்து வந்த நாள் முதல் சாகும் நாள் வரை அதற்குக் கால் கிடையாது.

ஒரு காலத்தில் சாலமாண்டரைப் பெரிய பெரிய ஆட்களே பல்லியோடு சேர்த்து எழுதினார்கள். செதிலும் இல்லை, நகமும் இல்லை என்று பிறகுதான் பார்த்தார்கள். பார்வைக்கு எது போல இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது, அக்கா. நம் நாட்டில் வாலுள்ள வரிசை இந்தக் கிழக்கு இமயத்திலும் வடகிழக்கு மலைகளிலும்தான். நம் பக்கம் கிடையவே கிடையாது. அம்மாவிடம் சொல், அந்த வால் நுனிக்கு வருத்தப்பட வேண்டாம். இந்த ஜாதிக்கு வால் போனாலும் வளரும், கால் போனாலும் வளரும். ஆனால் அந்த ஒன்று அதற்குள் குளத்தில் செத்து மிதந்தது. இப்போது என் மேஜை மேல் பாட்டிலில் இருக்கிறது.

செத்ததை டிஸ்பென்சரி ஸ்பிரிட்டில் போட்டு வை. பென்சிலால் சீட்டு எழுது, பென்சில் ஸ்பிரிட்டில் கரையாது. இடம், தேதி, பிடித்தவர், இனம் கண்டவர், இந்த நான்கும் வேண்டும். கட்டிய சீட்டை எந்தக் காலத்திலும் அவிழ்க்கக் கூடாது. தப்பாக எழுதியிருந்தாலும் அது அப்படியே இருக்க, பக்கத்தில் திருத்தி இன்னொரு சீட்டுக் கட்ட வேண்டும். எங்கள் தொழிலில் அதுதான் சத்தியம்.

உங்கள் பக்கத்துச் சிசிலியன் புதிதில்லை, முன்பே எழுதிவிட்டார்கள். இங்கே என் குளத்தைப் பற்றியும் எல்லாம் எழுதி முடித்துவிட்டார்கள். மார்ச்சோடு என் ஒப்பந்தம் முடிகிறது. புதிதாக ஏதாவது காட்டினால்தான் மேலே பேசலாம் என்கிறார் புரொபசர். அதை விடு.

அன்புத் தம்பி,
கமலக்கண்ணன்


மஞ்சக்குட்டை
26.11.2023

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். காப்பிப் பழம் சிவந்துவிட்டது, பறிப்புக்கு ஆள் போதவில்லை, நர்சரியில் இருக்கும் எங்களையும் கூடையோடு விரட்டுகிறார்கள்.

உன் உயிரைப் பாட்டிலில் போட்டாயிற்று. சீட்டு விஷயத்தில் மட்டும் எனக்குப் பாடம் எடுக்காதே. பன்னிரண்டு வருஷமாக நாற்றுப் பைக்குச் சீட்டுக் கட்டுகிறவள் நான். பையில் நாற்று நின்ற பிறகுதான் சீட்டு. ஒருமுறை வேலை சீக்கிரம் முடியட்டும் என்று வெறும் பைகளுக்கு முன்கூட்டியே கட்டிவிட்டேன். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் அண்ணாதுரை திட்டவில்லை. எல்லாவற்றையும் என் கையாலேயே கிழிக்க வைத்தார். "செடி இல்லாத சீட்டு ஊரு பூரா பொய் சொல்லும் அம்மிணி" என்றார். அன்றைக்குப் பட்டது இன்றைக்கும் உறைக்கிறது.

கால் இல்லாததற்குச் சீட்டை எங்கே கட்டுவது என்று அரை மணி நேரம் யோசித்தேன். கடைசியில் நடு உடம்பில் தளர்வாகக் கட்டினேன். இடம்: ஊற்றுத் தொட்டி, மஞ்சக்குட்டை. தேதி: 11.10.2023. பிடித்தவர்: சசிரேகா. இனம் கண்டவர் என்ற இடத்தை உனக்கு விட்டிருக்கிறேன். பொங்கலுக்கு வந்து எழுதி எடுத்துப் போ. தாய்க்காரி இன்னும் கரையிலேயே இருக்கிறாள், அந்தப் பக்கம் யாரையும் மண்வெட்டி போட விடுவதில்லை.

ஒப்பந்தத்தைப் பற்றி எழுதிவிட்டு "அதை விடு" என்றால் நான் எப்படி விடுவேன்? என்ன ஆகும், எழுது.

அக்கா


டார்ஜிலிங்
19.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கலுக்கு வந்துபோனபின் எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. நலமாக இருக்கிறேன். அம்மா கொடுத்த பலாக்காய் வறுவல் சிலிகுரி வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

ஒரு சின்ன உதவி. ரயிலில் பாட்டில் உடைந்துவிட்டது. உள்ளே இருந்தது அழுகிவிட்டது, சீட்டும் கரைந்துபோயிற்று. பதிவேட்டுக்கு வேண்டும், அதே மாதிரி இரண்டு சீட்டு எழுதி அனுப்பு. இடம், தேதி, பிடித்தவர் என்று உன் பெயர், கையெழுத்து. உயிரைப் பற்றி வேறு எதுவும் எழுத வேண்டாம். மார்ச் பத்துக்குள் கைக்கு வந்தால் நல்லது.

வேறு விசேஷம் இல்லை.

கண்ணன்


மஞ்சக்குட்டை
28.02.2024

அன்புத் தம்பிக்கு,

நலம், நாடுவதும் அதுவே. கேட்ட இரண்டு சீட்டும் உள்ளே இருக்கின்றன.

பென்சில் கரையாது என்று எழுதிய கை உன்னுடையதுதானே? சரி, ஸ்பிரிட் கலப்படமாக இருந்திருக்கும். வெறும் சீட்டு எழுதக் கை வரவேயில்லை. தம்பி கேட்கிறானே என்றுதான் எழுதினேன். ரைட்டரிடம் சொல்லவில்லை, தெரிந்தால் இதையும் கிழிக்கச் சொல்வார்.

செத்தது அழுகிப்போனதில் எனக்கு வருத்தம்தான். முதல் முதலாக என் பெயர் எழுதி ஒன்று வெளியூர் போனது.

ஒப்பந்தம் என்ன ஆயிற்று? பொங்கலன்று நேரில் கேட்டதையும் சேர்த்து மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

அக்கா


மஞ்சக்குட்டை
04.08.2024

அன்புத் தம்பிக்கு,

ஐந்து மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சுகமில்லையோ என்று அம்மா சேர்வராயன் சாமிக்குக் காசு முடிந்து வைத்தாள். நீ நன்றாக இருக்கிறாய் என்பது போன மாதம் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ரைட்டர் ஓடி வந்து காட்டினார். 'தென்னிந்தியாவின் முதல் சாலமாண்டர்: ஏற்காட்டு இளைஞர் கண்டுபிடிப்பு.' உன் படம், பக்கத்தில் வெள்ளைத் துணி மேல் அது. பின்னங்காலில் என் சீட்டு. என் கையெழுத்தைப் பேப்பரில் பார்த்ததும் நெஞ்சு நிறைந்தது என்பது உண்மை. அம்மா அதை வெட்டிச் சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டிவிட்டாள். வருகிறவர்கள் எல்லாரையும் அதன் எதிரில் உட்கார வைக்கிறாள்.

எல்லாரும் போன பிறகு காலண்டர் ஆணியில் இருந்த போட்டோவை எடுத்துப் பேப்பருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் வால் நுனி இல்லை. ஒரே பக்கம், ஒரே கடி.

கண்ணு, பாட்டில் உடைந்தது என்று எழுதினாயே. நான் பிடித்ததற்குக் காலே கிடையாதே, சீட்டு எப்படிக் காலில் ஏறியது? நான் நினைப்பது தப்பு என்று ஒரு வரி எழுது. உன்னைச் சந்தேகப்பட்டதற்கு ஒரு வேளை பட்டினி கிடந்துவிடுகிறேன்.

இன்னொன்று. எஸ்டேட்டில் ஊற்றைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். அரிய உயிராம், யாரும் தொடக் கூடாதாம். ஒரு ஃபிளெக்ஸ் போர்டு வைத்திருக்கிறார்கள், அதில் இருப்பது முதலையா டைனோசரா என்று அத்தாயி அக்கா கேட்கிறார். ஏற்காடு ஒண்டிக்கடையிலிருந்து ஜீப்பில் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்து, கரையை மிதித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு வேலி திறக்கிறது, குடம் கொண்டுபோகும் எங்களுக்குத் திறப்பதில்லை. ஓடை வரைக்கும் இறங்கித்தான் தண்ணீர் தூக்குகிறோம்.

பதில் எழுது.

அக்கா


கொல்கத்தா
29.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முகவரியைப் பார்த்தாயா? நிரந்தர வேலை. ஜூனில் சேர்ந்தேன். சேர்ந்த அவசரத்தில் எழுத முடியவில்லை. அம்மாவுக்குப் புடவை பார்சலில் வருகிறது, நீலம் அவளுக்குப் பிடிக்கும்.

நீ கேட்டதற்குப் பதில் கொஞ்சம் கடினமானது, படிக்காதவர்களுக்கு விளக்குவது சிரமம். உடைந்த பாட்டிலில் இருந்ததைக் காப்பாற்றிவிட்டேன். நீ பார்த்தது வளராத பருவம். தலைப்பிரட்டைக்குப் பிறகு கால் முளைக்கவில்லையா? அப்படித்தான். வால் நுனி எல்லாவற்றுக்கும் கடிபடும்.

வேலி உயிரைக் காப்பாற்றத்தானே போட்டிருக்கிறார்கள். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபெபி என்று ஏற்காட்டுப் பெண், என்னோடு படித்தவள், வந்து கேள்வி கேட்கலாம். பொறாமை பிடித்தவள். எதுவும் பேச வேண்டாம்.

தம்பி


மஞ்சக்குட்டை
20.10.2024

கண்ணனுக்கு,

நான் நலம். அத்தாயி அக்கா நலமில்லை. ஓடைச் சரிவில் குடத்தோடு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நாலு பேர் கட்டிலோடு தூக்கி ஜீப்பில் ஏற்றினோம். சேலத்தில் கம்பி வைத்திருக்கிறார்கள். இனி நடப்பாரா என்று தெரியாதாம். நாலு எட்டு வைத்தால் ஊற்று. அதற்கு வேலி போட்டதால் அறுபது வயதில் சரிவில் இறங்கினார்.

இப்போது படிக்காதவள் கொஞ்சம் படித்துக் காட்டுகிறேன். 30.10.2023 தேதியிட்ட உன் கடிதம், இரண்டாவது பத்தி. "முட்டையிலிருந்து வந்த நாள் முதல் சாகும் நாள் வரை அதற்குக் கால் கிடையாது." வளராத பருவம் என்கிறாய். கூட இருந்தது, அதே அளவு, முட்டையைச் சுற்றிப் படுத்திருந்ததே கண்ணா. வளராத பிள்ளையா முட்டை இடும்? தலைப்பிரட்டை கதையை வேறு யாரிடமாவது சொல்லு. மூன்று வரிசை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீ. அதை வைத்தே என்னை ஏமாற்றப் பார்த்தாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன் மேஜை மேல் செத்துக் கிடந்ததை எடுத்து என் சீட்டைக் கட்டினாய். நான் பிடித்ததை எங்கே கொட்டினாய் என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது.

ஃபெபி வந்தாள். பொறாமைக்காரியாகத் தெரியவில்லை. மழைக்காலம் முழுக்க அந்தச் சேற்றில் முட்டிபோட்டுத் தேடினாளாம், காலில்லாததுதான் கிடைத்ததாம். "அக்கா, நீங்க எதைப் புடிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். தலைவலி என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். உனக்காக நான் சொன்ன முதல் பொய்.

இரண்டாவது சொல்ல மாட்டேன். தப்பான சீட்டுக்குப் பக்கத்தில் திருத்திய சீட்டைக் கட்டுவதுதான் சத்தியம் என்றாயே. நீயே கட்டு. நீயே எழுதிக் கொடுத்துவிட்டால் வெட்கம் பாதி. தை பிறக்கும்வரை காத்திருக்கிறேன்.

சசிரேகா


கொல்கத்தா
18.11.2024

அக்காவுக்கு,

உடம்பு சரியில்லை. தூக்கம் இல்லை. அத்தாயி அக்காவுக்கு நடந்தது தெரிந்து வருத்தம்.

ஆறு வருஷம் அந்தக் குளத்தில் இடுப்பளவு குளிரில் நின்றேன். எல்லாவற்றையும் எனக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள், எனக்கென்று ஒன்றும் மிச்சம் இல்லை. கூட இருந்தவர்களுக்கு அப்பா பெயர் இருந்தது, சொந்த ஊரில் வீடு இருந்தது. எனக்கு ஒப்பந்தம் முடிந்தால் லைன் வீடுதான். ஒரே ஒரு சீட்டு, அக்கா. அதனால் யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன். வேலி போடுவார்கள் என்று நான் கண்டேனா?

இப்போது திருத்தினால் வேலை மட்டும் போகாது. லைன் வீட்டுப் பையன் வேறு எப்படி இருப்பான் என்பார்கள்.

எங்கள் ஆபீசிலிருந்து விசாரிக்க வருகிறார்கள். ஞாபகம் இல்லை என்று சொல். அந்த இரண்டு சொல் போதும். என் கடிதங்களையும் அந்தப் போட்டோவையும் எரித்துவிடு. அம்மாவை நினைத்துப் பார்.

உன் தம்பி


மஞ்சக்குட்டை
19.01.2025

அன்புத் தம்பிக்கு,

பொங்கல் வந்தது, போனது. உன் சீட்டு வரவில்லை. உடம்பு தேறியதா?

வெள்ளிக்கிழமை இரண்டு அதிகாரிகளும் ஃபெபியும் வந்தார்கள். ஞாபகம் இல்லை என்று சொல்லித்தான் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பக்கத்து வீட்டில் அத்தாயி அக்கா தண்ணி என்று குரல் கொடுத்தார். கட்டிலிலிருந்து அவருக்கு எட்டாது. போய்க் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கால் உள்ளதை நான் பிடித்ததில்லை, சீட்டு என் கையெழுத்து, அதை வெறும் சீட்டாக எழுதிக் கொடுத்தது என் தப்பு. போட்டோவையும் கொடுத்தேன். உன் கடிதங்களை எரிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

எஸ்டேட் ஆபீசிலும் கூப்பிட்டார்கள். 'ஊற்றில் உயிர் எதுவும் கிடையாது' என்று டைப் அடித்த ஒரு காகிதத்தை நீட்டினார்கள். வேலி ஒழிந்தால் போதும் என்று அதிலும் கையெழுத்துப் போட்டேன்.

அம்மா சுவரிலிருந்த பேப்பரைக் கிழிக்க விடவில்லை. "கூடப் பொறந்தவனைக் காட்டிக் குடுத்துட்டயே. அவனுக்கு ஒரு வேலை அமைஞ்சது உனக்குப் பொறுக்கலையா?" என்றாள். அன்று முதல் என் கையால் சோறு வாங்குவதில்லை. தானே பொங்கிக்கொள்கிறாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

நான் செய்தது சரி என்று தெரியும். சரி செய்தவள் ஏன் இப்படி அழுகிறாள் என்றுதான் தெரியவில்லை. திட்டியாவது எழுது.

அக்கா


10.02.2025

திருமதி சசிரேகா அவர்களுக்கு,

நான் வேலையிலிருந்து நீக்கப்பட்டேன். இனி எனக்கு எழுத வேண்டாம். அம்மாவை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

க. கமலக்கண்ணன்


மஞ்சக்குட்டை
15.06.2025

அன்புத் தம்பி கண்ணனுக்கு,

உன் அக்கா சசிரேகாதான், திருமதி இல்லை. எழுத வேண்டாம் என்றாய். சொல்பேச்சு கேட்கிற பழக்கம் எனக்கு எப்போது இருந்தது? மார்ச்சில் எழுதியது ஆள் இல்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது. நீ கோயம்புத்தூரில் ஒரு டியூஷன் சென்டரில் இருப்பதாக ஃபெபி விசாரித்துச் சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அம்மா இருக்கிறாள். நீலப் புடவையைப் பிரிக்கவே இல்லை, தலைமாட்டில் வைத்திருக்கிறாள். நான் கேட்டால் பதில் இல்லை, சுவரோடு பேசுகிறாள்.

வேலியை எடுத்துவிட்டார்கள். எடுத்ததோடு விடவில்லை. ஊற்றைத் தோண்டி, கரை முழுக்க சிமென்ட் பூசி, மூடி போட்டு, வீட்டுக்கு வீடு குழாய் வைத்தார்கள். வேலை ஆரம்பித்த அன்று ஓடினேன். "அந்த ஓரத்து மண்ணை மட்டும் உட்டுட்டுப் பூசுங்க, அங்க உசுரு இருக்குதுங்க" என்று மேஸ்திரியிடம் கெஞ்சினேன். ரைட்டர் அண்ணாதுரை ஆபீஸ் காகிதத்தை எடுத்து வந்து காட்டினார்.

"எந்த உசுரும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டவ நீதானே அம்மிணி?"

ஆமாம், நான்தான். நீ என்னிடம் வாங்கியது இரண்டு வெறும் சீட்டு. மூன்றாவதை யாரும் ஏமாற்றாமலே நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உன்னைத் திட்ட எடுத்த வாயை அன்றைக்கு மூடிக்கொண்டேன். லைன் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அத்தாயி அக்கா கட்டிலில் இருந்தபடியே குழாயைத் திருகுகிறார். இதில் யாரைப் போய்க் குறை சொல்வது?

வெட்டிக் கொட்டிய மண்ணில் தேடினேன். தாய்க்காரி கிடந்தாள், சிமென்ட் தண்ணீர் பட்டு வெளுத்துப்போய். இந்த வருஷ முட்டையைச் சுற்றிய சுருள் கலையவில்லை. பிரிக்க மனசில்லாமல் முட்டையோடு ஸ்பிரிட்டில் போட்டுவிட்டேன். தொட்டியில் குஞ்சு எதுவும் இல்லை.

நடு உடம்பில் தளர்வாகச் சீட்டுக் கட்டியிருக்கிறேன். இடம் எழுதினேன், தேதி எழுதினேன், பிடித்தவர் என்று என் பெயரை எழுதினேன். இனம் கண்டவர் என்ற இடத்தில் தானே எழுதட்டுமா என்று ஃபெபி கேட்டாள். அதற்கு ஆள் இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். பாட்டிலை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உடையாமல் வரும்.

பாட்டிலைத் திற. எத்தனையாவது வரிசை என்று பார். பென்சிலால் உன் பெயரை எழுதித் திருப்பி அனுப்பு. உனக்கு மனசில்லை என்றால் அந்த இடம் வெறுமையாகவே கிடக்கட்டும். வேறு ஒருத்தர் பெயரை அங்கே எழுத நான் விட மாட்டேன்.

உன் அக்கா,
சசிரேகா